கயித்தை இழு கண்ணு, நல்லா இழு!

ஏங்கண்ணு, வெடியால இருந்து அந்தப் பவர் வீடர் கயித்தை இழுத்துட்டே இருக்கற. கை ஓஞ்சு போச்சா? ஓயாது, எளவட்டமல்ல. இன்னும் நல்லா இழு. கயிறு அறுந்தா மாட்டறதுக்கு டவுன்ல ஒரு ஆள் இருக்கறான். தோள்பட்டை எறங்குனா தட்டிப் போடறதுக்கு வைத்தியர் இருக்காரு. அவுங்களும் பொழைக்கோணுமல்லோ?

உங்கம்மா எலுமிச்சம்பழம் சுத்திப் போடச் சொல்றா. உங்கப்பன் கார்புரேட்டரே போச்சு, புதுசு வாங்கோணுங்கறான். மெக்கானிக்கு வண்டியைப் பாக்காமயே, போன்லயே, எஞ்சினை எறக்கோணும்னு தீர்ப்புச் சொல்லிப்போட்டான். எல்லாம் பெரிய யோசனைங்க. ஆனாச் சாமி, டேங்குக்கு அடியில ஒரு காக்கு இருக்குதே, அதைத் தொறந்தயா? ஏன் முழிக்கற? சிவப்புச் சுவிட்சு ஆன்ல இருக்குதான்னாவது பாத்தயா?

சரி, தொறந்துட்ட. இழு. வரலையா? நெனைச்சேன். உக்காரு, தண்ணி குடி. அப்பாரு சொல்றதைக் கேளு. கேக்காட்டியும் நான் சொல்லத்தான் போறேன்.

பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டியது நாலே சமாச்சாரம். பெட்ரோல் வரோணும், காத்து வரோணும், நேரத்துக்கு நெருப்புப் பொறி வரோணும், உள்ள அழுத்தம் நிக்கோணும். எங்க காலத்து ஆயில் எஞ்சினுக்குப் பொறியும் வேண்டாம், பிளக்கும் வேண்டாம். காத்தை அழுத்துற சூட்டுலயே டீசல் பத்திக்கும். இது அப்படியில்ல, நாலுல ஒண்ணு கொறைஞ்சாலும் மொகத்தைத் திருப்பிக்கும். எது கொறையுதுன்னு கண்டுபுடிக்கறதுதான் ரிப்பேரு. மிச்சமெல்லாம் ஸ்பானர் புடிக்கற வேலை. காசு செலவில்லாததை மொதல்ல பாரு, செலவு வெக்கறதைக் கடைசியில பாரு. மெக்கானிக்கு இதையே தலைகீழாச் செய்வான். அது அவன் தொழில் தர்மம்.

வேற கம்பெனி வண்டிக்கு இந்த வைத்தியம் ஆகுமான்னு கேக்காத. ஹோண்டாக்காரன் 1983-ல கொண்டுவந்த ஜிஎக்ஸ் எஞ்சினைப் பாத்துத்தான் பின்னால நெறையப் பேரு சின்ன எஞ்சின் செஞ்சாங்க. மேல பெயிண்டும் ஸ்டிக்கரும் மாறும், உள்ள வயிறு ஒண்ணுதான்.

இப்ப டேங்கு மூடியைத் தொறந்து மோந்து பாரு. வார்னிஷ் வாடை அடிக்குதா? அடிக்கும். போன களையெடுப்புக்கு ஊத்துன பெட்ரோலை அப்படியே பத்திரமா வெச்சிருக்கற. நெல்லா இருந்தாப் பழசுக்கு வெலை கூட. இப்ப பங்க்குல வாரது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலு. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். மாசக்கணக்குல கெடந்தா அந்தத் தண்ணியும் எத்தனாலும் பிரிஞ்சு அடியில எறங்கிக்கும். அடியில என்ன இருக்குது? கார்புரேட்டரு. எஞ்சினுக்கு நீ தண்ணி காட்டிட்டு இருக்கற கண்ணு. மாடுன்னா குடிச்சுட்டு எந்திரிக்கும்.

கார்புரேட்டர் கிண்ணத்துக்கு அடியில ஒரு போல்ட்டு இருக்கும். காக்கை மூடிட்டு அதைக் கழட்டி, வாரதைக் கண்ணாடி பாட்டல்ல புடி. கொஞ்ச நேரம் ஆடாம வெய்யி. அடியில தனியாத் தண்ணி நின்னுச்சுன்னா குத்தவாளி கெடைச்சான். டேங்கைச் சுத்தமா வடிச்சுப்போட்டுப் புதுப் பெட்ரோல் ஊத்து. வடிச்ச பெட்ரோலை உங்கம்மா அடுப்புப் பக்கம் வெச்சராத. உனக்கு விருந்து போடற ஒரே ஆளு அவதான்.

அடுத்தாப்புல பிளக்கைக் கழட்டு. அதுக்கு வாய் பேசத் தெரியாது, ஆனா உன்ற மெக்கானிக்கைவிட நாணயமாச் சொல்லும். காஞ்சு கெடந்தா பெட்ரோல் உள்ள வரலை. நனைஞ்சு கெடந்தா பெட்ரோல் வருது, பொறி வரலை. இல்லாட்டி நீ இழுத்த இழுப்புல ரொம்பிப் போச்சு. கன்னங்கரேல்னு கரி புடிச்சிருந்தா காத்துப் பத்தலை. ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாரு, நம்ம தோட்டத்துப் புழுதி பாதி அதுக்குள்ளதான் இருக்கும். ஸ்பாஞ்சுன்னா சோப்புத் தண்ணியில அலசி நெழல்ல காயப்போடு. ஃபில்டரே இல்லாம ஓட்டுனா இழுவை நல்லா இருக்குதுன்னு உன்ற சேக்காளி சொன்னானா? இருக்கும். புழுதி உள்ள போயி சிலிண்டரைத் தேய்க்கற வரைக்கும் நெம்ப நல்லா இருக்கும்.

பிளக்கு முனைக்கும் வளைவுக்கும் இடைவெளி 0.7-ல இருந்து 0.8 மில்லிமீட்டர் இருக்கோணும். பித்தளை பிரஷ்ல தேச்சுட்டு, தொப்பியை மாட்டி, பிளக்கோட இரும்பை எஞ்சின் மேல ஒட்ட வெச்சுக் கயித்தை இழுத்துப் பாரு. பளிச்சுனு நீலமாப் பொறி வந்தா பொறி பாஸு. ஆனா அதுக்கு முந்திப் பிளக்கு ஓட்டையைத் துணி போட்டு அடைச்சு, சிந்துன பெட்ரோலைத் தொடைச்சுப்போடு. பொறி இருக்குதான்னு பாக்கப் போயி மீசை இருக்குதான்னு பாக்க வேண்டாம்.

பொறியே வரலைன்னா புதுப் பிளக்கு ஒண்ணு போட்டுப் பாரு. அதுக்கும் வரலைன்னா உடனே காயில் போச்சுன்னு அழுகாத. ஆயிலைப் பாரு. சில எஞ்சின்ல ஆயில் கொறைஞ்சாத் தானாவே பொறியை நிறுத்தற சென்சாரு இருக்குது. வண்டியைச் சரிவுல நிறுத்தியிருந்தாலும் அது ஏமாந்துக்கும். மட்டமான எடத்துல நிறுத்தி அளவுகோலைத் தொடைச்சு, திருகாம உள்ள வுட்டுப் பாரு. உன்ற சைஸ் எஞ்சினுக்கு ஏறக்குறைய 600 மில்லி ஆயில் புடிக்கும். கியர் பாக்ஸுக்கு வேற ஆயிலு, அதுக்கு வேற வாயி. அதை இதுல ஊத்தி இதை அதுல ஊத்துன மகராசன் இந்த ஊர்லயே இருக்கறான், பேரு சொன்னா உங்கப்பன் சண்டைக்கு வருவான்.

அந்தப் புல்லு வெட்டற மிஷினுக்குக் கலந்து வெச்சிருக்கற பெட்ரோலை இதுல ஊத்தாத. அது டூ ஸ்ட்ரோக்கு, பெட்ரோல்லயே ஆயில் கலந்திருக்கோணும். 50-க்கு 1-னு கம்பெனி சொல்லியிருந்தா லிட்டருக்கு 20 மில்லி. இது ஃபோர் ஸ்ட்ரோக்கு, ஆயில் தனியா இருக்குது. மாத்தி ஊத்துனா இது பொகையோட போயிரும், அது பிஸ்டனோட போயிரும்.

சோக்குப் போட்டாத்தான் ஓடுது, எடுத்தா நின்னுருதுன்னு ஒரு வியாதி உண்டு. கார்புரேட்டர்ல ஜெட்டு அடைச்சிருக்குதுன்னு அர்த்தம். க்ளீனர் அடிச்சுக் காத்து வுட்டு ஊது. மெல்லிசு செம்புக் கம்பியில ஒரு நூலு எடுத்து நீவலாம். உங்கம்மா தையல் ஊசியை வுட்டுக் குத்துனா ஓட்டை பெருசாயிரும், அப்பறம் அது குடிக்கற பெட்ரோலுக்கு நீ தனியாக் கடன் வாங்கோணும்.

கொஞ்ச நேரம் நல்லா ஓடிட்டுத் தானா நின்னுதுன்னா டேங்கு மூடியைக் கொஞ்சம் தளத்திட்டுப் பாரு. ஓடுச்சுன்னா மூடியில காத்து போற ஓட்டை அடைச்சிருக்குது. காத்து எறங்காமப் பெட்ரோல் எப்படி எறங்கும்? இதுக்கு முழு எஞ்சினையும் பிரிச்சு மாட்டிக் காசு வாங்குன கெட்டிக்காரங்களும் இருக்கறாங்க. மூடியை மட்டும் தொடவே மாட்டாங்க.

இதெல்லாம் பாத்தும் வரலை, கயிறும் தடையில்லாம லொடலொடன்னு வருதுன்னா அழுத்தம் போச்சு. வால்வோ ரிங்கோ பழுதா இருக்கும். அப்பத்தான் மெக்கானிக்கைக் கூப்புடோணும். அதுக்கு முந்திக் கூப்புட்டா அது தர்மம்.

வெளையாட்டை வுட்டுட்டு ரெண்டு வார்த்தை சொல்றேன், இதை மறந்தராத. கத்தியில வேரு சுத்திக்கிச்சுன்னா பிளக்குத் தொப்பியைக் கழட்டாமக் கையை வெக்காத. சூட்டோட சூடாப் பெட்ரோல் ஊத்தாத. சாளைக்குள்ள கதவைச் சாத்திட்டு ஓட்டாத. கெணத்துக்குள்ள மட்டும் எந்த எஞ்சினையும் எறக்கி ஓட்டவே கூடாது. அந்தப் பொகையில இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கெடையாது, நெறமும் கெடையாது. எறங்குனவனும் ஏற மாட்டான், அவனைத் தூக்கப் போனவனும் ஏற மாட்டான்.

வேகம் பத்தலைன்னு கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டற யோசனை உனக்கு இருக்குதுன்னு தெரியும். நிமிசத்துக்கு 3,600 சுத்தைச் சுத்தி நிக்கோணும்னு அவன் அளந்து வெச்சது. மேல போனா உள்ள இருக்கற ராடு வெளிய வந்து உன்னையப் பாத்துட்டுப் போயிரும். வேலை முடிஞ்சு மாசக்கணக்குல நிறுத்தறதா இருந்தா டேங்கை வடிச்சுப்போட்டு, கிண்ணத்துல இருக்கறது தீந்து தானா நிக்கற வரைக்கும் ஓட்டிட்டு வெய்யி. அடுத்த தடவை பழைய பெட்ரோல் மோந்து பாக்கற பாக்கியம் கெடைக்காது, என்ன பண்ணறது?

சரி, புதுப் பெட்ரோல் ஊத்துனயா? கிண்ணத்தை வடிச்சயா? காக்கு தொறந்திருக்குதா? சோக்கை மூடு. கயித்தை மெதுவா இழுத்து, கனமாத் தட்டுப்படற எடத்துல நிறுத்து, அங்கிருந்து ஒரே மூச்சா இழு... ஆங்! வந்துச்சல்லோ. சோக்கைத் தொற, தொற, மறுபடி மூச்சடைச்சுச் செத்துறப் போகுது.

மெக்கானிக்கு எவ்வளவு கேட்டான்? அம்புட்டா? அப்பாரு அப்படியெல்லாம் கேக்க மாட்டேன். நம்ம தென்னந்தோப்புல கெழக்கால வரிசையெல்லாம் முட்டிக்கு மேல களை நிக்குது, ஆள் கெடைக்காம வுட்டு வெச்சிருக்கறேன். பொழுதுக்குள்ள ஓட்டிப்போடு, கணக்குத் தீந்துச்சு. பெட்ரோலு உன்ற செலவு.