பகடையும் நகமும்: நக்கிள் பந்து குறித்து ஓர் ஆராய்ச்சி

முதற்கண் ஆய்வின் எல்லையை வகுத்துக்கொள்வோம். அமெரிக்க பேஸ்பாலில் நக்கிள் பந்து வீசுவோர் இருவகைப்படுவர். மைதானத்து மேட்டில் நின்று வியர்வை வழிய வீசுவோர் ஒருவகை. சிமுலேஷன் விளையாட்டுகளின் அட்டையிலும் கணினியிலும் எண்களாகக் கிடப்போர் மற்றொரு வகை. இவ்விரு வகையாரில் யாருடைய பந்து மெய்யான நக்கிள் பந்து என்பதை நிறுவுவதே நம் நோக்கம். இதனால் உலகுக்கு என்ன பயன் என்று கேட்போர், நூலகங்களில் தூசி படிந்து உறங்கும் முனைவர் பட்ட ஆய்வேடுகளிடம் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு வரலாம். அதுவரை நாம் மேலே செல்வோம்.

நக்கிள் பந்தின் இலக்கணமாவது: விரல்நுனியை, சிறப்பாக நகத்தை, பந்தின் தோலில் ஊன்றிப் பிடித்து, சுழலவிடாமல் தள்ளுவது. சாதாரண வேகப்பந்து நிமிடத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் சுழலும். நக்கிள் பந்தோ, பிட்சரின் (பந்து வீசுபவரின்) மேட்டுக்கும் அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையிலுள்ள 60 அடி 6 அங்குலத்தைக் கடப்பதற்குள் ஒரு சுற்று, மிஞ்சிப்போனால் ஒன்றரைச் சுற்று திரும்பும். பந்தின் தையல் ஒரு பக்கத்துக் காற்றை மட்டும் கலைக்கிறது. தையல் மெல்லத் திரும்பத் திரும்ப, பந்தைத் தள்ளும் விசையின் திசையும் மாறுகிறது. 1975இல் வாட்ஸ், சாயர் என்ற துலேன் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் பந்தைக் காற்றுச் சுரங்கத்தில் மாட்டிவைத்து இதை அளந்து வெளியிட்டார்கள். ஆகவே இத்துறைக்கு முன்னோர் உண்டு. நாம் அநாதைகள் அல்லர்.

கிரிக்கெட் பார்ப்போருக்கு இந்தப் பந்து புதிதல்ல. 2011 உலகக் கோப்பையில் ஜாகீர் கான் இதைக் கொண்டுதான் ஆட்டக்காரர்களை ஏமாற்றினார். ஆனால் ஜாகீருக்கு அது பையில் இருந்த பல தந்திரங்களில் ஒன்று. பேஸ்பால் நக்கிள்காரருக்கு அதை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. மற்றவர்கள் மணிக்கு 95 மைல் வேகத்தில் வீசும் ஊரில் 65 மைலில் வீசிச் சம்பளம் வாங்குகிறார்.

இங்கே ஒரு தடை எழும். பந்து அஃறிணை, அதற்கு மனம் ஏது, அடம் ஏது? விடை: மனம் இல்லைதான். ஆனால் எங்கே போகப்போகிறது என்பது பேட்டருக்கும் தெரியாது, அவர் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கும் தெரியாது, வீசியவருக்கும் தெரியாது என்னும்போது, அதற்கு மட்டும் தெரிந்திருக்குமோ என்ற ஐயம் வருவது இயல்பே. எனவே நக்கிள் பந்தை அஃறிணையில் வைத்தாலும் மரியாதை குறையாமல் வைக்க வேண்டும் என்க.

இனிச் சிமுலேஷன். 1961இல் ஹால் ரிச்மன் என்பவர் 'ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்' என்ற பகடை விளையாட்டை வெளியிட்டார். ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை. அவர் ஓர் ஆண்டு முழுதும் ஆடிய ஆட்டத்தின் கணக்கு அதில் எண்களாக இறங்கியிருக்கும். பகடையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு நேரே பார்த்தால் முடிவு: ஸ்ட்ரைக் அவுட், ஹோம் ரன், எதுவாயினும். பிட்சர் பந்தை நகத்தால் தள்ளினாரா, முழு வேகத்தில் எறிந்தாரா என்பதை அட்டை கேட்பதில்லை. நக்கிள்காரர் சார்லி ஹாஃப் அட்டையும் எவரோ ஒரு வேகப்பந்துக்காரர் அட்டையும் ஒரே அச்சு, ஒரே காகிதம்.

ஆனால் ஓரிடத்தில் உண்மை கசிந்துவிடுகிறது. கேட்சர் கோட்டைவிடும் பந்துக்குப் 'பாஸ்டு பால்' என்று பெயர். அது கேட்சரின் பெயரில்தான் எழுதப்படும், அட்டையிலும் கேட்சருக்குத்தான் அந்த மதிப்பெண். 1987இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் கேட்சர் ஜீனோ பெட்ராலி 35 பாஸ்டு பால்கள் விட்டார். நவீன காலத்தில் ஒரே பருவத்தில் இத்தனை விட்டவர் எவருமில்லை. காரணம், அவர் பிடித்தது ஹாஃபின் நக்கிள் பந்தை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம். விளையாட்டில் அந்தப் பெட்ராலியை வேறொரு அணியில் சேர்த்து, நேர்கோட்டில் வீசும் சாதுவான பிட்சருக்குப் பந்து பிடிக்க வைத்தாலும், பாவம், கணக்கு அவரைத் துரத்திக்கொண்டே வரும். முற்பிறவி வினைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் சாத்திரங்களில் உண்டா என்பதை அறிஞர்கள் ஆராயலாம்.

அட்டை போய்க் கணினி வந்ததும் கதை மாறியது. ஜெர்மானியர் மார்க்கஸ் ஹைன்சோன் உருவாக்கிய 'அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்' போன்றவற்றில் நக்கிள் பந்துக்கென்றே தனி மதிப்பெண் உண்டு. ஜாய்ஸ்டிக் விளையாட்டுகளில் பந்து திரையில் நெளிந்து வளைந்து பூச்சியாய்ப் பறக்கும். பார்க்க அழகுதான். ஆயினும் இங்கேதான் கோட்பாட்டுச் சிக்கல். ஆலன் நாதன் என்ற இல்லினாய் பல்கலைக்கழக இயற்பியலாளர், மைதானக் கேமராக்கள் பதிந்த தடங்களை ஆராய்ந்து சொன்னது என்ன? தனியொரு நக்கிள் பந்தின் பாதை மற்றப் பந்துகளின் பாதையைப் போலவே வழுவழுப்பானது. வேறுபாடு வேறிடத்தில்: ஒன்று இடப்பக்கம் விலகும், அடுத்தது கீழே இறங்கும், அதற்கடுத்தது என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. திரையில் காணும் நெளிவு, ஆகவே, ஒப்பனை.

ஒப்பனையைக் கூட மன்னிக்கலாம். கணினியின் 'தற்செயல்' தற்செயலே அல்ல. ஒரு விதை எண்ணை எடுத்து, வாய்பாடு போட்டு, அடுத்தடுத்த எண்களைக் கறப்பது. அதே விதையைக் கொடுத்தால் அதே பந்து அதே இடத்தில் விழும். மைதானத்துப் பந்தும் இயற்பியல் விதிக்குக் கட்டுப்பட்டதே, ஆனால் அதன் விதை எண் எவர் கையிலும் இல்லை. கணினிக்குத் தன் பந்து போகும் இடம் முன்னமே தெரியும், தெரியாததுபோல் நடிக்கிறது. பந்து போகும் இடம் தெரியாமலே, தெரிந்தவர் முகத்தோடு மேட்டில் நிற்பவர் பிட்சர். நடிப்பில் பிட்சரே மேல் என்பது இவ்வாய்வாளர் துணிபு.

சான்று தேவையெனில் 2004 அக்டோபர் 18, பாஸ்டன் ஃபென்வே பார்க். யாங்கீஸுக்கு எதிரான தொடரின் ஐந்தாவது ஆட்டம் 13ஆவது இன்னிங்ஸுக்கு இழுத்துவிட்டது. மேட்டில் நக்கிள்காரர் டிம் வேக்ஃபீல்டு. அவருக்கு வழக்கமாகப் பந்து பிடிப்பவர் டக் மிராபெல்லி. அன்று பிடித்தவர் ஜேசன் வேரிடெக், அணியின் தூண் போன்ற கேட்சர். கேரி ஷெஃபீல்டு ஸ்ட்ரைக் அவுட் ஆகிறார். ஆனால் பந்து வேரிடெக்கைத் தாண்டி ஓடுகிறது; கேட்சர் பிடிக்காத பந்துக்கு ஓடலாம் என்ற விதியால், அவுட்டானவர் முதல் பேஸில் போய் நிற்கிறார். அதே இன்னிங்ஸில் இன்னொன்று தாண்டுகிறது. பிறகு மூன்றாவது. இரண்டாம், மூன்றாம் பேஸ்களில் எதிரிகள்; ஒரு பந்து நழுவினால் பருவமே முடிந்துபோகலாம். ரூபன் சியேரா வீசிய மட்டையில் பந்து படவில்லை, வேரிடெக் கையுறைக்குள் அது எப்படியோ தங்கியது. ஒரு ரன்னும் போகவில்லை. 14ஆவது இன்னிங்ஸில் டேவிட் ஆர்டிஸ் அடித்து பாஸ்டன் வென்றது. வேரிடெக்கின் அட்டையை வைத்துப் பகடை உருட்டி ஒரே இன்னிங்ஸில் மூன்று பாஸ்டு பால் வரவழைக்க எத்தனை தீபாவளி காத்திருக்க வேண்டுமோ.

மிராபெல்லியின் அருமை அதன்பின்னும் பாஸ்டனுக்குப் புரியவில்லை. அவரை சான் டியாகோவுக்கு மாற்றிவிட்டார்கள். பதிலுக்கு நின்ற ஜாஷ் பார்ட், 2006 தொடக்கத்தில் ஏழே ஆட்டங்களில் 10 பாஸ்டு பால் விட்டார். மே 1 அன்று மிராபெல்லியை மீட்டு, விமான நிலையத்திலிருந்து போலீஸ் வண்டி முன்னே செல்ல, காருக்குள்ளேயே சீருடை மாற்றவைத்து ஃபென்வேக்குக் கொண்டுவந்தார்கள். எந்தச் சிமுலேஷனிலாவது கேட்சருக்குப் போலீஸ் பாதுகாப்பு உண்டா?

வயது விஷயத்தை விரைவாக முடிப்போம். சிமுலேஷன் விளையாட்டுகள் வீரரின் திறனை முப்பதுக்குமேல் சரித்துக்கொண்டே போகும். நக்கிள்காரர் ஃபில் நீக்ரோவோ தம் 318 வெற்றிகளில் 121ஐ நாற்பது வயதுக்குப் பின் பெற்றார். இன்னொரு நக்கிள்காரர் ஹாய்ட் வில்ஹெல்ம் ஐம்பதைத் தொடச் சில நாள் இருக்கையில்தான் ஓய்ந்தார். சார்லி ஹாஃப் 216 வென்று 216 தோற்றார். இப்படியொரு முடிவைக் கணினி துப்பியிருந்தால், பகடையில் கோளாறு என்று வாடிக்கையாளர் பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்பார்.

இறுதியாக, எல்லா விளையாட்டுகளும் ஒருமனதாக மறந்த ஓர் உறுப்பு நகம். ஒரு நகம் உடைந்தால் நக்கிள்காரருக்கு அன்று விடுமுறை. ஃபில்லின் தம்பி ஜோ நீக்ரோவை 1987இல் நடுவர்கள் மேட்டில் வைத்தே சோதனையிட்டபோது, அவர் பையிலிருந்து நகம் ராவும் அட்டை பறந்து விழுந்தது. நகத்தைச் சீவவே வைத்திருக்கிறேன் என்றார். பந்தைச் சுரண்டத்தான் என்று முடிவு கட்டி லீக் 10 ஆட்டங்களுக்குத் தடை விதித்தது. அவர் சொன்னது மெய்யா பொய்யா என்ற ஆராய்ச்சியில் நாம் இறங்கவில்லை. நக்கிள்காரர் கையில் அந்த அட்டை இருப்பதற்கு நியாயம் உண்டு என்பது மட்டும் நம் தீர்ப்பு.

ஆகவே சிமுலேஷன் தயாரிப்பாளர்களுக்கு இரு விண்ணப்பங்கள். பாஸ்டு பால் கணக்கில் பாதியையாவது பிட்சரின் அட்டைக்கு மாற்றிப் பெட்ராலியின் பெயரைக் காப்பாற்றுங்கள். நகத்துக்கென்று ஒரு கட்டம் ஒதுக்கி, அது எப்போது உடையும் என்பதை மட்டும் விளையாடுபவருக்குச் சொல்லாதீர்கள்.