சிரஞ்சீவி இணையநாதன்

நம் ஊர்களில் நடுத்தரக் குடும்பம் என்று சொல்லிக்கொள்ளும் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், கூடத்துச் சோபாவின் ஒரு மூலையில், முதுகெலும்பு என்னும் அவயவம் தனக்கு அவசியமில்லை என்று தீர்மானித்துவிட்டவனைப்போல் சரிந்து கிடந்தபடி, கைப்பேசியின் வெளிச்சம் மோவாயில் விழ, உலகத்தின் சகல விவகாரங்களுக்கும் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருக்கும் பதினாறு, பதினேழு பிராயத்துப் பிள்ளை ஒருவனைத் தரிசிக்கலாம். பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவனுக்குத் தாத்தாவின் பெயரோ குலதெய்வத்தின் பெயரோ இருக்கும். இணையத்திலோ 'ரத்த வேட்டை', 'இருளின் அரசன்' என்ற தினுசில் ஒரு நாமதேயமும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் வாளேந்திய ஜப்பானியக் கார்ட்டூன் வீரன் ஒருவனும் இருப்பார்கள். இரண்டும் நம் காரியத்துக்கு உதவாதவையாகையால், அந்தக் காலத்துக் கடிதங்களில் இளையவர்களை விளித்த முறையை அனுசரித்து, அவனைச் சிரஞ்சீவி இணையநாதன் என்றே அழைப்போம்.

சிரஞ்சீவிக்கு ஜனனம் இரண்டு. முதலாவது, 2008-ஆம் ஆண்டில் ஆஸ்பத்திரியில் நிகழ்ந்து, ஜாதகமாகக் கணிக்கப்பட்டு, அப்பாவின் பீரோவில் பத்திரமாக இருப்பது. இரண்டாவது, அவன் ஆறாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நாளில், 13 வயது நிரம்பாதவர்களுக்கு இன்ஸ்டாகிராமில் இடமில்லை என்ற விதி குறுக்கே நின்றபோது, யாரையும் கலந்து ஆலோசிக்காமல் தன் பிறந்த ஆண்டை அவனே 1995 என்று எழுதிக்கொண்டதால் நிகழ்ந்தது. அதன் பலனாக, பள்ளிக்கூட வேன் வந்து நிற்கும் நேரத்தில் அம்மா பின்னாலேயே ஓடி இட்லியை வாயில் திணித்துக்கொண்டிருந்த பருவத்திலேயே, அமெரிக்கக் கம்பெனியின் ஏட்டில் அவன் சம்பாதிக்கிற வாலிபனாகிவிட்டான். வீட்டுக்கடன் வேண்டுமா, வழுக்கைக்குத் தைலம் வேண்டுமா என்று விளம்பரங்கள் இன்றும் அவனை மிகுந்த மரியாதையுடன் விசாரித்துக்கொண்டிருக்கின்றன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தை எல்லாருக்கும் எட்டும் விலைக்கு இறக்கியபோது அவன் மூன்றாம் வகுப்பு மாணவன். 2020-இல் கொரோனா பள்ளிகளைப் பூட்டியபோது, பாடம் கேட்பதற்கென்று தனிக் கைப்பேசியை அவன் கையில் வைத்தவர்கள், 'எந்நேரமும் அதிலேயே விழுந்து கிடக்கிறான்' என்று இன்று என்னிடம் வந்து முறையிடும் அதே தாய் தந்தையர்தான் என்பதையும் நியாயத்தை முன்னிட்டுச் சொல்லிவைக்கிறேன்.

அவனுடைய குணவிசேஷங்களில் முதலாவது சொற்சிக்கனம். குடும்பத்து வாட்ஸப் குழுவில் அத்தை, தமக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்த வைபவத்தை, டாக்டர் சொன்னது, நர்ஸ் அதை மறுத்துச் சொன்னது, அறையில் ஏ.சி. வேலை செய்யாதது, பக்கத்துக் கட்டில் அம்மாள் விசாரிக்கப்போய் தூரத்து உறவாகிப்போனது உட்பட விஸ்தாரமாக எழுதி, 'எல்லாம் உங்கள் பிரார்த்தனை' என்று முடித்திருப்பார். அதற்குச் சிரஞ்சீவியின் மறுமொழி 'கே' என்பது. 'ஓகே' என்று முழுதாகச் சொல்வதைக்கூட அவன் ஊதாரித்தனமாகக் கருதுகிறான். ஒன்றுவிட்ட பெரியப்பா ஒருவர் எண்பத்துச் சொச்சம் வயதில் சிவலோக பிராப்தி அடைந்த செய்தி வந்தபோது, 'ரிப் ப்ரோ' என்று இரங்கல் தெரிவித்தான். கிராம முன்சீபு குடும்பத்தில் பிறந்து, கடைசி மட்டும் அங்கவஸ்திரம் இல்லாமல் வாசல் தாண்டாத அந்தப் பெரியவரை ஆயுள் பரியந்தம் யாரும் 'ப்ரோ' என்று அழைத்ததில்லை. உத்தரகிரியைகளில் ஒன்றாக அதுவும் நடந்தேறியது.

ஆனால் இந்தச் சிக்கனமெல்லாம் சுற்றத்தாரோடு சரி. முன்பின் அறியாத ஜனங்களிடத்தில் சிரஞ்சீவி கொடையாளி. யூடியூபில் கிரிக்கெட் ஓடட்டும், கச்சேரி ஓடட்டும், வத்தக்குழம்பு வைக்கும் முறை ஓடட்டும், அதன் அடியில் அவனுடைய கைவரிசையைக் காணலாம். உருட்டு, கதறல், தற்குறி, கிரிஞ்ச், பூமர் ஆகிய ஐந்தும் அவனுடைய பஞ்சாயுதங்கள். எதிரி யாராயிருந்தாலும், விஷயம் எதுவாயிருந்தாலும், இந்த ஐந்துக்குள் ஒன்றைப் பிரயோகித்து யுத்தத்தை முடித்துவிடுவான்; மிஞ்சினால் எதிரியின் தாயாரைப் பற்றி ஒரு வார்த்தை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் போர் புரிவதை மிக அருகில் உட்கார்ந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. பழைய சினிமாப் பாட்டு ஒன்றின் கீழே யாரோ ஒருவர், அது எல்லாரும் சொல்கிற ராகமல்ல, வேறு ராகம் என்று, வணக்கத்தில் தொடங்கி நன்றியில் முடித்து, நாலு வரி விளக்கம் எழுதியிருந்தார். சிரஞ்சீவி இடது கையை முறுக்கு டப்பாவுக்குள் விட்டபடியே, வலது கட்டைவிரலால், 'டேய் பெருசு, உன்ன யாரு கேட்டா, மாத்திரைய போட்டுட்டுப் போய்ப் படு' என்று எழுதினான். கண் சிவந்திருக்குமோ, மீசை அரும்பிய உதடு துடிக்குமோ என்று நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு கொட்டாவி உருவாகிக்கொண்டிருந்தது.

"ராகத்தைப் பத்தி உனக்கு ஏதாவது தெரியுமாடா?" என்று கேட்டேன்.

"எனக்கெதுக்குப் பெரியப்பா அதெல்லாம்?"

"பின்னே அந்த மனுஷரை ஏன் திட்டினே?"

"திட்டலையே, சும்மா ஜாலிக்கு" என்று கள்ளங்கபடமில்லாமல் சொல்லி, முறுக்கு டப்பாவை என் பக்கம் நகர்த்தினான்.

வசை நமக்குப் புதிதன்று. காளமேகப் புலவர் ஒருவரை ஏசினால், ஏசப்பட்டவரே சிலேடையின் அழகில் சொக்கி, கோபப்படுவதைச் சற்று ஒத்திவைக்க வேண்டியிருந்தது. 1860-களின் இறுதியில் மூண்டு நீதிமன்றம் வரை சென்ற அருட்பா–மருட்பா விவாதத்தில், இரு கட்சிப் பண்டிதர்களும் ஒருவரையொருவர் கண்டனப் பிரசுரங்களால் தாக்கிக்கொண்டார்கள். ஆனால் அந்தத் தாக்குதலுக்கு இலக்கணமும் சித்தாந்தமும் படித்திருக்க வேண்டும், காகிதம் வாங்க வேண்டும், அச்சுக்கூடத்துக்காரனுக்குப் பணம் தர வேண்டும். எம்.ஜி.ஆர்., சிவாஜி ரசிகர்கள் எதிர்க்கட்சி நட்சத்திரத்தின் சுவரொட்டியில் சாணி அடித்தார்கள் என்றால், அதற்கும் இரவில் கண்விழித்து, மாடு இருக்கும் இடம் தேடிப் போய், வாளியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடக்கும் தேகப் பிரயாசை தேவைப்பட்டது. விஜய், அஜித் ரசிகனாகிய சிரஞ்சீவிக்கோ படுத்த இடத்திலிருந்து எழவேண்டிய அவசியமில்லை. கல்வியும் வேண்டாம், செலவும் வேண்டாம், சாணியும் வேண்டாம் என்று ஆகிவிட்டபின், கோபம் ஒன்று மட்டும் எதற்கு என்று அதையும் அவன் விட்டுவிட்டான். கோபமே இல்லாத வசை என்பது உலக சரித்திரத்தில் அவனுடைய நூதன சிருஷ்டி.

இந்த விபரீதத்துக்குக் காரணம் என்ன என்று அறிஞர்கள் ஆராயாமல் இல்லை. ஜான் சூலர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2004-இல் வெளியிட்ட கட்டுரையில், பெயர் தெரியாதிருப்பது, முகம் தெரியாதிருப்பது, மறுமொழி உடனுக்குடன் வந்து விழாதிருப்பது, எதிரே இருப்பவர் எவ்வளவு பெரியவர் என்று புலப்படாதிருப்பது ஆகியவையெல்லாம் கூடி மனிதனின் நாக்கைக் கட்டவிழ்த்துவிடுகின்றன என்று விளக்கினார். மொட்டைக் கடிதாசி எழுதிக் கல்யாணங்களைக் கலைத்த பாரம்பரியம் உள்ள நமக்கு இது பெரிய ஆச்சரியமல்ல. அவருக்கும் முன்னதாக, 1995 அக்டோபரிலேயே, இன்டெல் கம்பெனியைச் சேர்ந்த சாலி ஹாம்பிரிட்ஜ் என்ற அம்மையார் இணையத்தில் நடந்துகொள்ள வேண்டிய முறைகளைத் தொகுத்து ஓர் ஏட்டை வெளியிட்டார். உணர்ச்சி வேகத்தில் எழுதிய மறுமொழியை ஓர் இரவு கழிந்தபின் அனுப்புக என்பது அதில் உள்ள உத்தமமான உபதேசங்களுள் ஒன்று. ஏடு வெளியானபோது சிரஞ்சீவி பிறக்கவில்லை என்று சொல்லலாமா என்றால், இன்ஸ்டாகிராம் கணக்குப்படி அவன் அப்போது கைக்குழந்தை. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்று தடுத்திருப்பதைப் பத்திரிகையில் படித்துவிட்டு, 'இங்கேயும் அப்படி ஒரு சட்டம் வர வேண்டும்' என்று பூங்காவில் நடைபழகும் பெரியவர்கள் பேசிக்கொள்கிறார்கள். வரட்டும், கம்பெனி ஏட்டை மட்டும் புரட்டிப் பார்த்தால் முப்பது வயதுக்காரனை எந்தச் சட்டம் என்ன செய்யும்?

இவ்வளவையும் கேட்டு, சிரஞ்சீவி மரியாதையே அறியாதவன் என்று முடிவுகட்டுவீர்களானால், அது அவனுக்கு இழைக்கும் பெரும் அநீதி. அவனுக்கென்று ஓர் ஆசாரம் இருக்கிறது. நம் பாட்டிமார் அனுஷ்டித்த மடி விழுப்பைக் காட்டிலும் அது கடுமையானது. முன்னறிவிப்பின்றி ஒருவரைத் தொலைபேசியில் அழைப்பது அந்த ஆசாரத்தில் மகாபாவம், 'கால் பண்ணலாமா?' என்று எழுதிக் கேட்டு, உத்தரவு பெற்ற பிறகே அழைக்க வேண்டும். கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் சித்திரத்தை நாம் சம்மதம் என்று நினைத்து அனுப்புகிறோம்; அவனோ அதில் அலட்சியத்தைக் காண்கிறான். வாட்ஸப்பில் 2014 நவம்பரில் வந்த நீலக் குறி இரண்டும் விழுந்தபின் பதில் எழுதாமலிருப்பது, சிநேகிதர்களுக்குள் உறவை முறித்துக்கொள்வதற்குச் சமானம். ஆகையால் படித்ததே தெரியாதபடி அந்தக் குறியை அணைத்து வைத்திருப்பது விவேகம். ஒரு நாள் அவனுக்கு, 'சாயங்காலம் வருகிறேன்.' என்று செய்தி அனுப்பியிருந்தேன். அன்று அவன் என் எதிரில் வரவே தயங்கினான்.

"எம்மேல கோவமா பெரியப்பா?"

"எனக்கென்னடா கோபம்?"

"கடைசில புள்ளி வச்சிருந்தீங்களே!"

வாக்கியத்தை முடித்தால் முற்றுப்புள்ளி வைக்க வேண்டும் என்று பிரம்படி பட்டுக் கற்ற தலைமுறை என்னுடையது. அது சினத்தின் சின்னமாகிவிட்டதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. விசாரித்ததில், ஒற்றைச் சொல் மறுமொழியின் முடிவில் புள்ளி இருந்தால் அதில் மனப்பூர்வம் குறைவாகத் தெரிகிறது என்று மாணவர்கள் கருதுவதை, அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தார் 2015-இலேயே சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று அறிந்தேன். முன்பின் அறியாத சங்கீத ரசிகரை மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கச் சொன்னவன், தன் பெரியப்பாவின் ஒரு புள்ளிக்காக நாளெல்லாம் மனம் குழம்பியிருக்கிறான்!

நேரில் பழகினாலோ சிரஞ்சீவி பரம சாது. டெலிவரி செய்ய வந்தவர் வழி கேட்டுக் கூப்பிட்டால் போனை அம்மாவிடம் நீட்டிவிடுவான். ஓட்டலில் சாம்பார் இன்னொரு கரண்டி வேண்டுமென்று கேட்கக் கூச்சப்பட்டு, வெறும் இட்லியை விழுங்குவான். தாத்தாவுக்கு ஆதார் நகல் எடுப்பது, பாட்டிக்கு மின்சார பில் கட்டுவது, மறந்துபோன பாஸ்வேர்டுகளை மீட்டுத் தருவது ஆகிய இலாகாக்களை ஊதியமின்றி வகிக்கிறான். 'ஐயோ பாட்டி, ஓடிபியை யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது!' என்று அலுத்துக்கொள்வதைத் தவிர வேறு குறையில்லை.

சென்ற மாதம், சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என் தம்பி வீட்டுக்கு வந்து மிகுந்த மனவேதனையுடன் உட்கார்ந்தார். ஃபேஸ்புக்கில் ஏதோ அபிப்பிராயம் எழுதியதற்கு, பேரன் வயதுள்ள எவனோ அவரை 'டேய்' என்று விளித்துவிட்டானாம். "வயசுக்கு ஒரு மட்டு மரியாதை வேண்டாமா சார்? என் சர்வீஸ்ல ஒருத்தன் என்னை அப்படிக் கூப்பிட்டதுண்டா?" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் எழுபது வயதுக் கிழவர் துணிமூட்டையோடு வாசலில் வந்து நின்றார். பெரியவர் பேச்சை நிறுத்தி, "ஏண்டா, என் வேட்டியை நேத்தே கொண்டாந்து குடுக்கச் சொன்னேனே, காதுல விழலையா?" என்று அதட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மரியாதையைப் பற்றித் தொடர்ந்தார். சோபாவிலிருந்து எழுந்து போன சிரஞ்சீவி, துணிகளை எண்ணி வாங்கி, "எவ்வளவு ஆச்சுங்க தாத்தா? அம்மா ஃபோன்லேர்ந்து ஜிபே பண்ணிடட்டுங்களா?" என்றான்.

நம் பாட்டனார்கள் தமக்குச் சமமானவர்களுக்கு எழுதும்போது 'தேவரீர்' என்று தொடங்கி 'அநேக நமஸ்காரம்' என்று முடித்தார்கள். அதே நாவால், வயலில் நின்ற தந்தை வயதுக்காரரை, அவர் பிறந்த இடத்தை உத்தேசித்து, 'டேய்' என்று கூப்பிட்டார்கள். பேரனோ, வாசலில் நிற்பவர் யாராயிருந்தாலும் 'வாங்க' என்கிறான். எழுத்தில் அகப்படுபவர் நீதிபதியாயிருந்தாலும் 'டேய்' என்கிறான். மரியாதையின் மொத்தக் கையிருப்பு குறையவில்லை. வேண்டியவர், வேண்டாதவர் என்று பங்கு பிரிக்கும் வரப்புத்தான் இடம் மாறியிருக்கிறது. அந்த வரப்புக்கு அப்புறம் நிற்கும் அனுபவம் நம் பெரியவருக்கு இப்போதுதான் முதல் தடவையாகக் கிடைத்திருப்பதால் அவருக்கு அவ்வளவு வலிக்கிறது.

திரைக்கு அப்பால் இருப்பவரும் வாசலில் நிற்கிற மனிதர்தான் என்று சிரஞ்சீவிக்கு யாராவது சொல்லிக்கொடுத்தாக வேண்டும்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவனுடைய மரியாதை வேண்டுமா, அவன் முன்னோருடைய மரியாதை வேண்டுமா என்று என்னைக் கேட்டால், தயங்காமல் அவனுடையதையே கேட்டு வாங்கிக்கொள்வேன். திரையில் வந்த 'டேய்' என்னும் சொல்லை ஒரு விரலால் தள்ளிவிட்டுத் தூங்கப் போகலாம். முகத்துக்கு நேரே வாங்கியதை அந்த இஸ்திரிக்காரர் ஆயுள் முழுவதும் சுமந்துகொண்டு, மறுநாளும் அதே வாசலுக்குத் துணிமூட்டையோடு வர வேண்டியிருந்தது.