எந்த வாய்க்காலில் நுழைந்தாலும்

எழுபதுகளின் கடைசியில் சித்தப்பா என்னைப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குக் கூட்டிப்போனபோது, அது பாதிதான் சுற்றுலாத் தலம். மீதி, சுற்றுவட்டாரத்துக்கு அடுப்பு விறகு. படகுக்காரர் கழியை ஊன்றியபடி ஒரே ஒரு சங்கதிதான் சொன்னார்: “‘இதயக்கனி’ எடுத்தாங்கல்ல தம்பி, தலைவரு போட்ல போனது இந்த வாய்க்கால்லதான்.” எந்த வாய்க்காலில் நுழைந்தாலும் இந்த வாய்க்கால்தான். சித்தப்பா பக்தியோடு செருப்பைக் கழற்றி வைத்தார்.

மரத்தின் பேரை நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வழியெல்லாம் மொட்டைத் திடல்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே கூப்பு கூப்பாகப் பிரித்து, சர்க்கார் கணக்கிலேயே மழித்த காடு. பழி மட்டும் மாடு மேய்ப்பவன் தலையில் விழுந்தது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு விறகுக்காடு காவல் தெய்வமாகிவிட்டது. காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்கள் ஓரளவு தப்பின. கடலைப் பார்த்து நின்ற எம்.ஜி.ஆர். திட்டு தப்பவில்லை. 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

இப்போது டோக்கன் உண்டு, வரிசை உண்டு, முன்னால் போனவரின் வியர்வை காயாத லைஃப் ஜாக்கெட் உண்டு. எங்கள் படகில் ஒரு கல்லூரிப் பையன், “அண்ணா, ‘துப்பறிவாளன்’ கிளைமாக்ஸ் எங்க எடுத்தாங்க?” என்றான். “இந்த வாய்க்கால்லதான்” என்றார் படகுக்காரர்.

தலைக்கு மேல் சுரபுன்னைக் காய்கள் முருங்கைக்காய் மாதிரித் தொங்கின. காய் என்பது வாய்ப்பழக்கம். மரத்திலேயே முளைவிட்டு நீண்ட கன்றுகள் அவை. ஒன்று சேற்றில் செங்குத்தாகக் குத்தி நின்றது. இரண்டே இலை. பையன் அதை மறைத்துக்கொண்டு செல்ஃபி எடுத்தான். தில்லை மரத்தையும் படகுக்காரர் தள்ளியிருந்தே காட்டினார், பால் கண்ணில் பட்டால் போச்சு என்று. சிதம்பரம் கோயிலின் தலமரம். ஊருக்குள் தேடினால் அகப்படாது, இங்கே வரவேண்டும்.

ஓரிடத்தில் பெரிய வாய்க்காலிலிருந்து சின்ன வாய்க்கால்கள் மீன்முள்போல் சாய்வாகப் பிரிந்தன. “இயற்கையோட அழகைப் பாருங்க!” என்றார் கூட வந்த அம்மா ஒருவர். இயற்கைக்கு இதில் பங்கு குறைவு. மரம் வெட்டிய இடத்தில் வெயில் பட்டு மண் அமுங்கிக் குழியாகிவிடும். ஓதத்தில் ஏறிய தண்ணீர் வடியாமல் தேங்கி உப்பேறும். விழுகிற விதை பிழைக்காது. அதனால்தான் தொண்ணூறுகளில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் இப்படி வாய்க்கால் வெட்டி, கடல்நீரை ஏறவும் இறங்கவும் விட்டு, கன்று நட்டன.

“யாருங்க வெட்டினது?” என்று படகுக்காரரிடம் கேட்டேன்.

“எங்கப்பாவும் வெட்டியிருக்காரு சார், கூலிக்கு.”

“அதுக்கு முன்னாடி இங்க இருந்த மரம்?”

“அது தாத்தா வெட்டினது. அதுவும் கூலிக்குத்தான்.” துடுப்பைத் திருப்பிப் போட்டார். “கொஞ்சம் குனிஞ்சுக்குங்க சார், கிளை இடிக்கும்.”