கரகர சத்தம் கேட்கிறதா?

கேள்வி: பிராட்பேண்ட் ஊர்ந்துகொண்டிருக்கிறது. புது மோடம் வாங்கிவிடலாமா? (கட்டமஞ்சி, சித்தூர்)

பதில்: காசை எடுக்காதீர்கள், ரிசீவரை எடுங்கள். கம்பியுள்ள சாதாரண போனாக இருக்கட்டும். ஏதாவது ஓர் எண்ணை மட்டும் அழுத்தினால் டயல் டோன் நின்றுவிடும். அதன்பின் லைன் அமைதியாக இருக்க வேண்டும். கரகரவென்று இரைந்தால் கோளாறு கம்பியில். எவ்வளவு விலைக்கு மோடம் வாங்கினாலும் அந்தக் கம்பி வழியாகத்தான் நெட் வந்தாக வேண்டும்.

கேள்வி: போன் மணி அடித்தாலே நெட் அறுந்துபோகிறதே?

பதில்: பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் போகிறது. நெட் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போகிறது. இரண்டையும் பிரிப்பது ஸ்ப்ளிட்டர் என்கிற அந்தச் சின்னப் பெட்டிதான். ஹாலில் அதை மாட்டிவிட்டு, படுக்கையறை பாரலல் போனை நேராக லைனில் கொடுத்திருப்பீர்கள். பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. எல்லா போன்களையும் கழற்றிவிட்டு, லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே மோடத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள். வேகம் ஏறினால் குற்றவாளி வீட்டு வயரிங். எலக்ட்ரீஷியனே போதும்.

கேள்வி: 8 எம்.பி. வேகம் என்றார்கள். டவுன்லோடில் 1 எம்.பி.தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. அவர்கள் சொன்னது மெகாபிட், நீங்கள் பார்ப்பது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். முழுசாகவே வருகிறது.

கேள்வி: எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் இருக்கும் மாமா வீட்டில் பறக்கிறது. நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எங்களுக்கு 3-ஐத் தாண்டவில்லை. பெரிய பிளானுக்கு மாறட்டுமா?

பதில்: வேண்டாம், பணம்தான் போகும். போன் கம்பியில் நெட் தரும் ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸுக்கு உச்சவரம்பே 24 எம்.பி.பி.எஸ். அதுவும் எக்ஸ்சேஞ்சை ஒட்டி இருப்பவர்களுக்குத்தான். தூரம் கூடக்கூடச் செம்புக் கம்பி சிக்னலை விழுங்கிவிடும். உலாவியில் 192.168.1.1 என்று அடித்து மோடத்தின் பக்கத்தைத் திறங்கள் (சில மோடங்களில் இந்த எண் மாறும்). லைன் அட்டென்யூவேஷன் (சிக்னல் இழப்பு) 50 டெசிபலைத் தாண்டியிருந்தால் பிளானை மாற்றிப் பயனில்லை. எஸ்.என்.ஆர். மார்ஜின் (இரைச்சலைத் தாங்கும் இடைவெளி) 6 டெசிபலுக்குக் கீழே போனால் லைன் அடிக்கடி அறும். உங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்திருந்தால் மாறிவிடுங்கள் என்பதே என் தீர்ப்பு. ஆந்திர அரசின் ஃபைபர்நெட் 2017 டிசம்பரில் தொடங்கியபோதே, கரண்ட் கம்பங்களில் கேபிளைக் கட்டிக்கொண்டுபோய், மாதம் 149 ரூபாய்க்கு 15 எம்.பி.பி.எஸ். தருவதாக அறிவித்தார்கள். ஒளிக்கு நாலு கிலோமீட்டர் ஒரு தூரமே இல்லை.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் நெட் படுத்துவிடுகிறது. லைன்மேன் வந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. (கொர்லகுண்டா, திருப்பதி)

பதில்: அவர் வந்தது வெயில் அடித்த பிறகு! கேபிள் ஜாயின்டிலோ கம்பத்து டி.பி. பெட்டியிலோ தண்ணீர் இறங்கியிருக்கும். காய்ந்ததும் லைன் தேறிவிடும், அடுத்த மழையில் மறுபடி படுக்கும். ஈரம் இருக்கும்போதே புகார் கொடுங்கள். மோடம் பக்கத்தின் எண்களை மழை நாளில் ஒன்று, வெயில் நாளில் ஒன்று போட்டோ எடுத்து அவரிடம் காட்டுங்கள். ஜாயின்டைத் தேடிப் பிரிக்க அவருக்கும் ஒரு காரணம் வேண்டுமல்லவா?

கேள்வி: திருமலை 300 ரூபாய் தரிசன டிக்கெட் வெளியாகும் நாளில் மட்டும் இழுக்கிறதே?

பதில்: வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள். அது உடனே வந்தால் உங்கள் லைனில் குறை இல்லை. மலைமேல் வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் நிற்பதுபோல இங்கேயும் லட்சக்கணக்கானோர் வரிசையில் நிற்கிறார்கள்.

கேள்வி: புகார் கொடுத்தோம். ஒருவரும் வரவில்லை. அடுத்து என்ன?

பதில்: டாக்கெட் எண் வாங்கினீர்களா? அது இல்லாத புகார் புகாரே அல்ல. தீர்க்காவிட்டால், அல்லது தீர்த்த விதம் திருப்தியில்லை என்றால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிப்படி இதற்குக் கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். இன்னொன்று: 2023 ஜனவரி முதல் 2 எம்.பி.பி.எஸ்ஸுக்குக் குறைந்தால் அரசு வரையறைப்படி அது பிராட்பேண்டே இல்லை. மாதாமாதம் பில் கட்டுகிறீர்கள், தயங்காமல் எழுதுங்கள்.