இரைக்கு வந்த வாழ்வு

உயிர் இரை நீந்தவும் வேண்டும், ஓடிவிடவும் கூடாது. கழிமுகத்தில் கொடுவா மீனுக்குத் தூண்டில் போடும் வித்தை முழுவதும் இந்தச் சிக்கலுக்குள் அடக்கம். இறாலானால் தலைக்கொம்புக்கு அடியில், ஓட்டின் வழியே தெரியும் கரும்புள்ளியைத் தொடாமல் முள்ளைக் குறுக்கே செலுத்த வேண்டும். புள்ளியில் பட்டால் இறால் அங்கேயே செத்துவிடும். அதன் ஆயுளில் இத்தனை அக்கறை காட்டுபவர் வேறு யாரும் இல்லை. அதுவும் கொடுவா வரும்வரைதான்.

மடவைக் குஞ்சை ஓட்டமுள்ள நீரில் உதட்டில் கோப்பார்கள்; முகம் எதிரோட்டம் பார்க்கும், செவுளுக்குள் நீர் போகும். தேங்கிய நீரில் முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால், முதுகெலும்பில் படாமல். முள் பெரிதானால் இரை சீக்கிரம் களைக்கும். ஈயம் கனத்தால் அடியோடு படுத்துவிடும். தங்கூசி என்னும் தூண்டில் கயிற்றின் நுனியில் மட்டும் தடித்த நரம்பு தேவை, கொடுவாவின் செவுள்மூடி கத்திபோல் அறுக்கும்.

வட்ட முள் கட்டியவர் கடி விழுந்ததும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. நிதானமாகச் சுற்றினால் முள் தானே வாயோரத்தில் மாட்டும். பதறாமல் இருப்பதற்குத்தான் பெரும்பாலும் பயிற்சி வேண்டியிருக்கிறது.

இரையை உயிரோடு வைத்திருக்கும் வாளித் தண்ணீரில் காற்றுக்குமிழி விட பேட்டரிப் பம்பும் உண்டு. கொடுவா வராத நாளில், அந்தச் சொகுசில் பிழைத்த இறால் மாலையில் குழம்புக்குப் போகும்.