நெடுந்தீவாரைச் சுற்றுலாப் பயணிகளாகப் பதிவது தொடர்பாக

சுற்றுலா அபிவிருத்திக்குப் பொறுப்பான ஐயா அவர்கட்கு,

எங்கள் தீவைப் பற்றித் தங்கள் அலுவலகம் அச்சிட்ட வண்ணப் பிரசுரம் கிடைத்தது. படங்கள் நல்ல வடிவு. கட்டாக்காலிக் குதிரை, ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்கமரம் எல்லாம் இருக்கின்றன. மனிசரைத்தான் காணோம். ஒரு படத்தில் மட்டும் முருகைக்கல் வேலிக்கு அப்பால் ஒரு முதுகு தெரிகிறது. அது தன்னுடைய மனிசன்தான் என்று பக்கத்து வீட்டு அக்கா உறுதிப்படுத்தியிருக்கிறா.

சனம் வருவதில் எங்களுக்குக் கோபமில்லை. ஓட்டோ வைத்திருக்கிற பெடியளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் உழைப்பு. இறங்குதுறையடியில் சோடா விற்கிறவரும் முகம் மலர்ந்தபடி இருக்கிறார். மற்றவர்களுக்குத்தான் என்ன கிடைக்கிறதென்று பிடிபடவில்லை. வருகிறவர்கள் சோற்றுப் பார்சலையும் யாழ்ப்பாணத்திலேயே கட்டிக்கொண்டு வருகிறார்கள். எங்களிடம் வழி கேட்கிறார்கள், அதற்குக் காசில்லை. வேலியில் ஏறி நின்று படமெடுத்து, இரண்டு கல்லை உருட்டிவிட்டு, பின்னேரப் படகில் போய்விடுகிறார்கள். வெறும் போத்தல்கள் மட்டும் நிரந்தர வதிவிடம் பெற்றுவிட்டன.

படகு என்றதும் ஞாபகம் வருகிறது. குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலக் கடல். லீவு நாளில் கிளினிக் முடித்து மருந்துப் பையோடு வருகிற ஆச்சி வரிசையில் நிற்க, கறுப்புக் கண்ணாடிக்காரர் முன்னுக்கு ஏறிவிடுவார். அவர் விருந்தாளியாம். ஆச்சி எங்கே போகப்போகிறா, நாளைக்கும் வரலாம்தானே!

இதையெல்லாம் யோசித்துத்தான் இந்த விண்ணப்பம். தயவுசெய்து எங்களையும் சுற்றுலாப் பயணிகளாகப் பதிந்துவிடுங்கள். கோடையில் கிணறு உவர்க்கிறது, நல்ல தண்ணி வேண்டும் என்று நாங்கள் கேட்டால் அது வெறும் முறைப்பாடு. அதையே ஒரு பயணி கேட்டால் ‘உட்கட்டமைப்பு வசதி’. இரவில் நெஞ்சுவலி வந்தால் கடலைப் பார்த்துக்கொண்டு படகுக்கு அலைகிறோம். நெஞ்சைப் பிடித்தவர் பயணி என்று பதிவிருந்தால் கோப்பு கொஞ்சம் வேகமாக நகருமல்லவா?

தகுதி பற்றி ஐயம் வேண்டாம். எங்களில் பலர் ஏற்கெனவே யாழ்ப்பாணத்திலும் கனடாவிலும் இருந்துகொண்டு, திருவிழாவுக்கும் செத்தவீட்டுக்கும்தான் தீவுக்கு வந்துபோகிறோம். நுழைவுக் கட்டணம் வைத்தால் கட்டவும் ஆயத்தம். பிறந்து உள்ளே வந்தவர்களுக்குக் கழிவு உண்டா என்பதை மட்டும் அறியத்தரவும்.

வெளியாருக்கு எங்கள்மேல் அக்கறையே இல்லை என்றும் சொல்லமாட்டோம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுக்கும் வேலை 2021இல் சீனக் கம்பனி ஒன்றுக்குப் போனது. இந்தியா முகம் சுளித்தது. 2024 மார்ச்சில் அதே வேலைக்கு இந்திய நன்கொடையில் ஒப்பந்தம் எழுதினார்கள். எங்கள் வீட்டு பல்ப்புக்காக இரண்டு பெரிய நாடுகள் இவ்வளவு பாடுபட்டதில் எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமும் வந்தது.

பிரசுரத்தின் சரித்திரப் பக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அதன்படி இந்தத் தீவில் ஒல்லாந்தர் போன பிறகு எதுவுமே நடக்கவில்லை. 1985 மே 15இல் குமுதினிப் படகில் எங்கள் சனத்தை வெட்டிக் கொன்றது பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலில் இல்லை. நல்லது, அப்படியே இருக்கட்டும். அந்த நாளுக்கு நாங்களே பூக்கொண்டு போய்க்கொள்கிறோம். அதற்கு வழிகாட்டி தேவையில்லை.

மற்றபடி விண்ணப்பத்தைச் சாதகமாகப் பரிசீலிக்கவும். பதிலை வெள்ளிக்கிழமைக்கு முதல் அனுப்பினால் உதவி. சனி, ஞாயிறு படகில் தபால் பைக்கு இடம் கிடைக்குமென்று சொல்லமுடியாது.

இப்படிக்கு,
நெடுந்தீவின் நிரந்தரப் பயணிகள்