வளராத கேலக்ஸிகள்

கேள்வி: பால்வீதியைச் சுற்றும் குறுங்கேலக்ஸிகளில் பல ஏன் வளரவே இல்லை?

பதில்: கையிருப்பு வாயுவை இளமையிலேயே பறிகொடுத்ததால். பேரண்டத்தில் முதலில் திரண்டவை கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளின் சிறிய திட்டுகள்தாம். அவற்றின் ஈர்ப்பில் வாயு விழுந்து குளிர்ந்து விண்மீன்கள் பிறந்தன. பெரிய கேலக்ஸிகள் இந்தச் சிறுசுகளை விழுங்கியே பெருத்தன. தப்பியவற்றுக்கும் நிம்மதியில்லை. தொடக்ககால விண்மீன்களின் புறஊதா ஒளி வெளியெங்கும் வாயுவைச் சூடாக்கியது; சூடான வாயுவைப் பிடித்துவைக்க இந்தச் சிறுசுகளின் ஈர்ப்பு போதவில்லை. போதாக்குறைக்கு, உள்ளே வெடித்த சூப்பர்நோவாக்கள் மிச்சத்தையும் வெளியே தள்ளின. வாயு தீர்ந்தால் விண்மீன் பிறப்பும் நின்றுபோகும். எஞ்சுவது கிழட்டு விண்மீன்களும் ஏராளமான கரும்பொருளும்.

பால்வீதியின் இப்போதைய இரை தனுசு குறுங்கேலக்ஸி. பால்வீதியின் புடைத்த மையத்துக்கு அப்பால் ஒளிந்திருந்த அதை வானியலாளர்கள் இபாட்டா, கில்மோர், இர்வின் மூவரும் 1994இல்தான் கண்டுபிடித்தார்கள். அந்தத் திசையில் சில விண்மீன்கள் மற்றவற்றோடு ஒட்டாமல் தனி வேகத்தில் கூட்டமாக நகர்ந்ததே துப்பு. இதில் அருமையான விஷயம் ஒன்றுண்டு: அதன் நடுவிலுள்ள எம்54 விண்மீன் கொத்தை வானியலாளர் மெஸ்ஸியே 1778லேயே பார்த்துவிட்டார். சிறு தொலைநோக்கியில் மங்கலான வெண்புள்ளியாகத் தெரியும் அதைப் பின்வந்தவர்கள் நம் பால்வீதியின் சொத்து என்றே நினைத்தார்கள். வீடு கிடைக்க 216 ஆண்டுகள் ஆயின!

பால்வீதியின் ஈர்ப்பு அந்தக் கேலக்ஸியைப் பிய்த்து இழுக்கிறது. உதிர்ந்த விண்மீன்கள் நீண்ட நாடாவாகப் பால்வீதியையே சுற்றி வளைத்திருக்கின்றன. ஆனால் எல்லாத் துணைக்கேலக்ஸிகளுக்கும் இந்தக் கதி இல்லை. பால்வீதியைச் சுற்றும் மெகல்லன் மேகங்கள் என்ற இரு கேலக்ஸிகளும் கனமானவை. அவற்றில் வாயு இன்னும் இருப்பதால் புது விண்மீன்கள் இப்போதும் பிறக்கின்றன.